அன்றாட வாழ்வில் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகர் இல்லை. வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசி. வேதபாடக் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்கப்படும் கேள்விகளைவிட, கூட்டம் முடிந்து கலையும்போது தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள்தான் கனமானவை. அப்படி என் காதில் விழுந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டுமானால், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவரிடமும் அவருக்குக் கீழே வேலை செய்பவரிடமும்தான் கேட்க வேண்டும். சபையாரிடம் கேட்டுப் பயனில்லை.

காலையில் எழுந்ததிலிருந்து ஓட்டம்தான். தியானத்துக்கு உட்கார நேரமே இல்லை. என்ன செய்வது?

காலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று கட்டளை எதுவும் இல்லை. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்கிறது மாற்கு 1:35. அவரே ஓர் இரவு முழுவதும் மலையில் ஜெபித்தார் என்கிறது லூக்கா 6:12. தானியேல் ஒரு நாளில் மூன்று வேளை முழங்கால் படியிட்டான். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாயிடமும், இரவுப் பணி முடித்துவரும் செவிலியரிடமும் போய் 'விடியற்காலை ஜெபம் உண்டா?' என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நேரத்தைவிட அளவுதான் பலருக்குச் சிக்கல். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று திட்டம் போட்டு, முடியாமல்போய், அப்புறம் ஒரு நிமிடம்கூட உட்காருவதில்லை. 1535-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், தமக்கு முடிதிருத்தும் பேதுரு பெஸ்கெண்டார்ஃப் என்பவருக்காக, ஜெபிப்பது எப்படி என்று ஒரு சிறு பிரசுரமே எழுதினார். கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள், ஒவ்வொரு வேண்டுதலையும் உன் சொந்த வார்த்தையில் விரித்துச் சொல், ஏதாவது ஒன்றில் மனம் நிலைத்துவிட்டால் மீதியை விட்டுவிட்டு அங்கேயே நில் என்பது அவருடைய யோசனை. 'ஏழு வேண்டுதலையும் சொல்லி முடித்தாயா' என்று கணக்குக் கேட்கவில்லை.

நானும் இதைத்தான் சொல்வேன். ஒரு சங்கீதத்தில் சில வசனங்கள், கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு வேண்டுதல், அன்று நீங்கள் முகம் பார்த்துப் பேசவேண்டிய ஒருவருடைய பெயர். இவ்வளவு போதும். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயரைச் சொல்லி ஜெபித்த ஆளிடம் அதே நாளில் எரிந்து விழுவது அவ்வளவு சுலபமில்லை.

ஜெபிக்கும்போது மனம் எங்கெங்கோ போகிறதே?

லூத்தர் அதே பிரசுரத்தில் இதையும் தொடுகிறார். நாவிதர் கவனமெல்லாம் கத்தியிலும் முடியிலும் இருக்க வேண்டும், பேச்சிலே மூழ்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவருடைய மூக்கையோ வாயையோ அறுத்துவிடுவார் என்று அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறார். ஆனால் மனம் போகிற இடத்தையும் ஒருமுறை பாருங்கள். கட்டாத கடன், பேசாமல் விட்ட ஒருவர், மருத்துவப் பரிசோதனை முடிவு. அன்றைக்கு நீங்கள் ஜெபிக்க வேண்டிய விஷயம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எழுதி வைத்த ஜெபக் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு அதையே சொல்லிவிடலாம்.

'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' என்று பவுல் எழுதுகிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சாத்தியமா?

எழுதியவரே கூடாரம் செய்து பிழைத்தவர் (அப்போஸ்தலர் 18:3). கையில் வேலை இருந்துகொண்டேதான் இதை எழுதினார்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். குருவானவர் அல்ல, மடத்துச் சமையலறையில் வேலை செய்த எளிய சகோதரர். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. அப்படியிருந்தும், பாத்திரங்களின் சத்தத்துக்கும் ஆட்களின் கூச்சலுக்கும் நடுவே, ஜெபவேளையில் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு பேச அவர் பழகிக்கொண்டார். அவர் 1691-ல் இறந்தார். பிடித்த வேலையில் தேவனை நினைப்பது பெரிய காரியமில்லை. அவருக்குப் பிடிக்காத வேலையில்தான் அது நடந்தது என்பதால்தான் அவரை இங்கே சொல்கிறேன்.

வேதம் வாசிக்கிறேன், ஆனால் ஒட்டவில்லை. ஒரு வசனத்தை எடுத்து அந்த நாளுக்கு வைத்துக்கொள்வது தவறா?

தவறில்லை. ஆனால் முன்னும் பின்னும் நாலு வசனம் சேர்த்து வாசியுங்கள். எரேமியா 29:11-ஐப் பாருங்கள். 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்' என்ற வசனம் தேர்வுக்கும் வேலைக்கும் திருமணத்துக்கும் எல்லாராலும் எடுக்கப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், 70 வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் சொந்த தேசத்தைப் பார்க்காமலே சாகப்போகிறவர்கள். அவர்களுக்குத்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்படுகிறது.

இப்படி வாசித்தால் வசனத்தின் பலம் குறையாது. உடனே பதில் வராதபோது நம்மைத் தாங்குவது இந்த முழு வாசிப்புதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது.

தினமும் காலையில் எல்லாருக்கும் வசனம் அனுப்புகிறேன். அதுவும் ஊழியம்தானே?

கேட்டவர்களுக்கு அனுப்புங்கள். மற்றவர்களிடம் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேளுங்கள், பதில் வரும்வரை இருங்கள்.

வெளியே எல்லாரும் என்னைச் சாந்தமானவர் என்கிறார்கள். வீட்டில் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் நேர்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

வேலையிடத்தில் மேலதிகாரி அநியாயமாகத் திட்டினாலும் உங்களால் அடக்கிக்கொள்ள முடிகிறது. ஆலயத்தில் ஒருவர் குத்திப் பேசினாலும் சிரித்துக்கொண்டே நகர முடிகிறது. ஆகவே, அடக்கத் தெரியாதவர் நீங்கள் இல்லை. வெளியே கோபப்பட்டால் ஏதாவது ஒன்று போகும்: வேலை, பெயர், மரியாதை. வீட்டில் எதுவும் போகாது, இவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள் என்று மனம் எப்போதோ கணக்குப் போட்டு வைத்துவிட்டது. 'களைப்பு', 'மன அழுத்தம்' எல்லாம் உண்மைதான். ஆனால் அதே களைப்போடு பக்கத்து வீட்டுக்காரரிடம் நாம் தன்மையாகத்தான் பேசுகிறோம்.

யாக்கோபு 1:19, 'யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்' என்கிறது. வரிசையைக் கவனியுங்கள், கேட்பது முதலில் வருகிறது. கோபத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டுவதைவிட, வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது எனக்குத் தெரிந்து அதிகம் பலன் தரும் பயிற்சி. அலுப்பாக இருக்கும். முக்கியமாக, பதின்ம வயதுப் பிள்ளை பேசும்போது.

கோபப்பட்டுவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். 'நான் கத்தினது தப்பு, மன்னித்துவிடு' என்பதோடு நிறுத்துங்கள். அடுத்து 'ஆனால் நீயும்...' என்று தொடங்கினால் முதல் பாதி செல்லாது. அப்பாவோ அம்மாவோ மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மனந்திரும்புதல் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கை ஓங்குவது, பொருட்களை எறிவது, வீட்டில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுவது, இதெல்லாம் 'கொஞ்சம் கோபக்காரர்' என்பதற்குள் அடங்காது. அது வன்முறை. வீட்டாரின் பாதுகாப்புதான் முதலில், உங்களுக்கு வெளியாரின் உதவியும் வேண்டும். ஜெபித்துக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மன்னித்துவிட்டேன் என்றால் பழையபடி பழக வேண்டுமா?

வேண்டியதில்லை. மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றில்லை. இதைக் குழப்பிவிட்டதால் சபைகளில் எத்தனையோ பேர், முக்கியமாகப் பெண்கள், போகக்கூடாத இடத்துக்குத் திரும்ப அனுப்பப்பட்டிருக்கிறார்கள்.

யோசேப்பின் கதையை நிதானமாக வாசித்துப் பாருங்கள். 20 வெள்ளிக்காசுக்கு விற்றுப்போட்ட சகோதரர்கள் பஞ்சகாலத்தில் அவன்முன் வந்து நிற்கிறார்கள். அதற்கு முன்னமே அவன் தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, என் வருத்தம் யாவையும் தேவன் மறக்கும்படி செய்தார் என்று சொல்லியிருக்கிறான். பழிவாங்கும் எண்ணம் அவனிடம் இல்லை. ஆனாலும் 'நான்தான் யோசேப்பு' என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. வேவுகாரர் என்கிறான், சிமியோனை நிறுத்தி வைக்கிறான், பென்யமீனை அழைத்துவரச் சொல்கிறான், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கிறான். கடைசியில் யூதா முன்னே வந்து, இளையவனை விட்டுவிடும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்கிறான். அன்றைக்கு யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவனே இந்த யூதாதான். ஆள் மாறியிருக்கிறான் என்று தெரிந்த அந்தக் கணத்தில்தான் யோசேப்பு அடக்கமாட்டாமல் அழுது தன்னை வெளிப்படுத்துகிறான்.

எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன 'ஏழெழுபதுதரமட்டும்' என்ற பதில் மத்தேயு 18-ல் இருக்கிறது. தவறு செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்பதும் அதே அதிகாரத்தில்தான், சில வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது. மன்னிக்கச் சொல்லும் போதகர்கள் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

உங்கள் பங்கு எவ்வளவு என்பதற்கு ரோமர் 12:18 நல்ல எல்லை போடுகிறது: 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்.' கூடாமல் போகவும் வாய்ப்புண்டு என்று அந்த வசனமே ஒத்துக்கொள்கிறது.

மேலதிகாரி கணக்கை மாற்றி எழுதச் சொல்கிறார். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போகலாம். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஒன்றும் ஆகாது' என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் வேலை போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் மறுப்பதற்கு ஒரு விதம் இருக்கிறது. தானியேல் முதலாம் அதிகாரத்தில், ராஜாவின் உணவு வேண்டாம் என்று முடிவு செய்த தானியேல், மேற்பார்வைக்காரனிடம் பிரசங்கம் செய்யவில்லை. அந்த ஆளுக்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாரும் என்று ஒரு மாற்று வழியைக் கொடுத்தான். அதுபோல, 'இது பாவம், செய்யமாட்டேன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். 'இந்த எண்ணை இப்படிப் போட்டால் தணிக்கையில் மாட்டுவோம், உள்ளதைப் போட்டு ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்கலாமா?' என்று கேளுங்கள். விளக்கக் குறிப்பை நீங்களே எழுதித் தருவதாகவும் சொல்லுங்கள். மீண்டும் வற்புறுத்தினால், எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல பொய்கள் எழுத்தில் கேட்டதுமே நின்றுவிடும். இதற்கும் மசியாவிட்டால் மறுத்துத்தான் ஆக வேண்டும், வேறொரு வேலை தேடவும் தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எப்போதும் கீழே இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள். மேலே இருக்கும் விசுவாசிகள் கேட்பதில்லை, அதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் வசனத்தை வேலைக்காரருக்குச் சொல்கிறவர்கள், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைச் சொல்வதில்லை. அது எஜமான்களுக்கு: வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு. கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. சம்பளம் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் சாட்சி மாதத்தின் அந்த ஒரு நாளில் இருக்கிறது. நீங்கள் நடத்தும் ஜெபக்கூட்டம் அதற்கு ஈடாகாது.

வேலையிடத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா?

கேட்டால் பேசலாம். 1 பேதுரு 3:15, நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. கேட்கிற ஆள் அந்த வசனத்திலேயே இருக்கிறார். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாகவே இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அவரால் எழுந்து போக முடியாது.

ஜெபக்குழுவில் மற்றவர்களுடைய பிரச்சினைகளைச் சொல்லி ஜெபிக்கிறோம். இது புறங்கூறுதல் ஆகுமா?

பெரும்பாலும் ஆகும். 'அவங்க வீட்டில் கொஞ்சம் பிரச்சினை, பெயர் சொல்லவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னதும் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடுகிறது. ஜெபத்தின் பெயரில் சொன்னதால் கேட்பதற்கும் கூச்சமில்லை.

1935 முதல் 1937 வரை ஜெர்மனியில் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில், நாட்சி அரசுக்குப் பணியாத சபைக்கான இறையியல் மாணவர்களை டீட்ரிக் போன்ஹோஃபர் பயிற்றுவித்தார். அங்கே ஒரு விதி: இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் போய் அவனிடமே சொல்லிவிட வேண்டும். அதைக் கடைப்பிடிக்க முடிந்ததா என்றால், மீறியதிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டார்கள். எந்த ஜெபக்குழுவுக்கும் இந்த ஒரு விதி போதும். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்தாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெயரையும் சூழ்நிலையையும் சொல்லாமல் உங்கள் அறையில் ஜெபியுங்கள், தேவனுக்கு விவரம் தெரியும்.

தசமபாகம் கட்டாயமா? கடன் இருக்கும்போதும் கொடுக்க வேண்டுமா?

சபைக்குச் சபை போதனை வேறுபடும். நான் வாசித்த வரையில் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, ஆலயப் பணி செய்த, நிலமில்லாத லேவியருக்குப் போனது. மூன்றாம் வருஷத்து தசமபாகத்தில் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் பங்கு உண்டு (உபாகமம் 14:28-29). புதிய ஏற்பாட்டு நிருபங்கள் சபைக்கு ஒரு சதவீதத்தை விதிப்பதில்லை. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் 2 கொரிந்தியர் 8-ல் எழுதுகிறார். ஆகவே பத்தில் ஒன்று நல்ல பழக்கம், வருமானம் கூடியவர்களுக்கு அது ஆரம்பம்கூட ஆகாது, தவணை கட்ட முடியாமல் இருப்பவருக்கு அது பாரம்.

கடனைத் திருப்பிக் கொடுப்பதும் நீதிதான். கடன் கொடுத்தவரைக் காக்க வைத்துவிட்டுக் காணிக்கை போடுவது, அவருடைய பணத்தைக் காணிக்கையாகப் போடுவதாகும். பெற்றோருக்கும் இது பொருந்தும். உனக்கு உதவக்கூடியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று தாய் தகப்பனிடம் சொல்வதை, கொர்பான் என்ற அந்த வழக்கத்தை, மாற்கு 7-ல் இயேசு கடுமையாகவே கண்டிக்கிறார்.

இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காட்சிக்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அவளைப் பார்த்து ஏழைகளும் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி வாசிப்பு. அவளிடம் ஏன் இரண்டு காசுதான் மிச்சமிருந்தது என்றும் அந்தச் சபையில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது?

'ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது' என்று இயேசு சொன்னார். உபாகமம் 5-ல் அந்தக் கட்டளைக்கு ஒரு காரணமும் இருக்கிறது: உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். ஞாயிறன்று நீங்கள் இளைப்பாற வீட்டில் யார் கூடுதலாக வேலை செய்கிறார் என்று பாருங்கள். நாள் முழுக்க சபை வேலைகள் இருந்தால், அதில் ஒன்றை விட்டுவிடவும் தயங்க வேண்டாம்.

பல வருஷமாக ஜெபிக்கிறேன். பதிலே இல்லை. உள்ளே எல்லாம் காய்ந்துபோய்விட்டது. என் விசுவாசம் போய்விட்டதா?

அப்படித் தெரியவில்லை. போய்விட்டிருந்தால் இந்தக் கேள்வி உங்களை இவ்வளவு வருத்தாது.

பதில் வராத ஜெபங்கள் வேதத்திலேயே இருக்கின்றன. சங்கீதம் 13, 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று தொடங்குகிறது. அது ஆறே வசனத்தில் பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. ஆறுதல் இல்லாமல், பழகியவர்கள் விலகிப்போன இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று எண்ணித்தான் சங்கீதங்களோடு சேர்த்து வைத்தார்கள். பவுல், 'முள்' என்று தாம் சொன்ன ஒரு வேதனை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கெத்செமனேயில் தம் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி இயேசு வேண்டினார், அதுவும் நீங்கவில்லை. விசுவாசம் குறைவு என்று உங்களிடம் சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஜெபத்துக்கும் என்ன காரணம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்னை தெரசா 1997-ல் மறைந்தார். தம் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். பல பத்தாண்டுகள், ஜெபத்தில் தேவனை உணராமலேயே அவர் வாழ்ந்திருந்தார். காலையில் எழுந்து செய்யவேண்டியதை மட்டும் அவர் விடவில்லை.

என் யோசனை எளிமையானது. உணர்ச்சியைத் தேட வேண்டாம். உங்கள் சொந்த வார்த்தைகள் வராதபோது சங்கீதத்தின் வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். மாற்கு 9-ல் பிள்ளையின் தகப்பன் சொன்னது இருக்கிறது: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' முதல் பாதியைச் சொல்ல முடியாத நாளில் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லுங்கள். அவன் விசுவாசத்தை அளந்து பார்த்துவிட்டு இயேசு பிள்ளையைச் சுகமாக்கியதாக அங்கே எழுதியில்லை.

மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லை. சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சாப்பாடு, தண்ணீர், அப்புறம் மறுபடியும் தூக்கம். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. லூக்காவே வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14). போங்கள், மருந்து கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

துக்க வீட்டில் என்ன வசனம் சொல்வது?

எதுவும் வேண்டாம். 'எல்லாம் நன்மைக்கே' என்ற பொருளில் ரோமர் 8:28-ஐ அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், ஞாபகங்களைச் சொல்லுங்கள். எல்லாரும் கலைந்துபோன பிறகு, சில வாரம் கழித்து இன்னொரு தடவை போங்கள்.

சபையில் காயப்பட்டுவிட்டேன். வீட்டிலிருந்தே ஆராதிக்கலாமா?

யார் காயப்படுத்தினார், எப்படி என்பதைப் பொறுத்தது. சுரண்டலோ மறைப்போ நடந்த இடமென்றால் வெளியேறுங்கள், தயக்கம் வேண்டாம், முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுங்கள். கருத்து வேறுபாடு, மனக்கசப்பு என்றால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். மாற்கு என்ற யோவானை அழைத்துப்போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). பிற்காலத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. சில வருஷம் பிடித்தது என்பது மட்டும் தெரிகிறது.

வீட்டிலிருந்தே என்பது சில காலத்துக்குச் சரி. ரொம்ப நாள் ஆனால் ஒரு சிக்கல்: நமக்குப் பிடிக்காத ஒருவர் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பே இல்லாமல்போகும். பொறுமையை அப்புறம் யாரிடம் பழகுவது?

பிள்ளைகள் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள்.

சிறு பிள்ளையென்றால் பள்ளிக்கூடம் போல அழைத்துப்போங்கள். வளர்ந்த பிள்ளையென்றால் காரணம் கேளுங்கள், கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லாதீர்கள். பல சமயம் காரணம் நாம்தான்: ஆலயத்தில் ஒரு முகம், காரில் திரும்பும்போது வேறொரு முகம். அதை அவர்கள் முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. கணவருக்கு (மனைவிக்கு) இதில் விருப்பமில்லை. எப்படி வாழ்வது?

1 பேதுரு 3 இந்த நிலைமையைத்தான் பேசுகிறது, போதனையில்லாமல் நடக்கையினாலே அவரை ஆதாயப்படுத்தலாம் என்கிறது. கொரிந்து சபையில் இருந்த இத்தகைய குடும்பங்களுக்குப் பவுலும், அவர் உங்களோடு வாழச் சம்மதித்தால் நீங்கள் விட்டுப்போக வேண்டாம் என்றே எழுதினார். ஆகவே தலையணைக்கடியில் சுவிசேஷக் கைப்பிரதி வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

அவருடைய கண்ணில் உங்கள் விசுவாசம் என்பது, உங்கள் நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகிற ஒன்றாக இருக்கலாம். வீட்டுப் பொதுப்பணத்திலிருந்து காணிக்கை கொடுக்குமுன் அவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் உங்கள் கைச்செலவிலிருந்து கொடுங்கள். உங்கள் சண்டைகளை ஜெபக்குழுவில் சொல்லாதீர்கள், அது எப்படியும் அவர் காதுக்கு வந்து சேரும். அவர் வீட்டார் வரும் நாளில் உபவாசக் கூட்டம் இருந்தால் வீட்டில் இருங்கள். ஆராதனை முடிந்து இத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னால் அந்த மணிக்கு வந்துவிடுங்கள்.